நடத்தை: திருப்திகரம்

மலர்க்கொடி வந்து நின்றபோது நான் யாரோ ஒரு பையனின் பிறந்த தேதியை எழுத்தால் எழுதிக்கொண்டிருந்தேன். டி.சி. என்று எல்லோரும் சொல்லும் மாற்றுச் சான்றிதழில் தேதியை எண்ணால் எழுதினால் மட்டும் போதாது, எழுத்தாலும் எழுத வேண்டும். ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து’ என்று காலையிலிருந்து எழுதி எழுதி நடுவிரல் வீங்கியிருந்தது.

அது ஒரு ஜூன் மாதம். கடலூரில் நான் தமிழ் விரிவுரையாளராக வேலை பார்த்த கல்லூரியின் அலுவலக அறை. மின்விசிறியைப் போட்டால் காகிதம் பறக்கும் என்று நிறுத்திவைத்திருந்தேன். வியர்வை சான்றிதழில் படாமலிருக்க முழங்கைக்கடியில் கைக்குட்டையை விரித்திருந்தேன். கோந்து பாட்டிலைச் சுற்றி எறும்பு ஊர்ந்தது. எதிர்க் கட்டடத்தில் இரண்டாம் ஆண்டு வகுப்பு எனக்காகக் காத்திருந்து பார்த்துவிட்டு, இனி இந்த அம்மா வரமாட்டாள் என்று தெரிந்துகொண்டு இரைச்சல் போட ஆரம்பித்திருந்தது. அன்று வேற்றுமை உருபு நடத்துவதாக இருந்தேன்.

“மேடம், டி.சி. வாங்கிக்கினு போவலாம்னு வந்தேன்.”

நிமிர்ந்து பார்த்தேன். மூன்று வருடமும் என் வகுப்பில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள். ஊர் காடாம்புலியூர். பிளஸ் டூ முடித்துவிட்டு, வீட்டு நிலைமையால் மூன்று வருடம் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டுத்தான் கல்லூரிக்கு வந்தாள். அதனால் கூடப் படித்தவர்களைவிட மூத்தவள். கொட்டையின் பால் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கும். விடுமுறை முடிந்து வந்தால் ஒரு மாதத்துக்குப் பேனாவை அழுத்திப் பிடிக்க முடியாது. அந்தக் கையால் எழுதிய விடைத்தாள்தான் வகுப்பிலேயே தெளிவாக இருக்கும்.

“உட்காரு. உன்னோடதை இப்பவே எழுதிடறேன்” என்றேன்.

பெயர் எழுதினேன். தந்தை பெயர், பிறந்த தேதி எண்ணால், எழுத்தால். பிறகு ‘நடத்தை’ என்ற கட்டம் வந்தது. அங்கே கொஞ்சம் பேனாவை நிறுத்தினேன். யோசித்து ஒரு சொல்லை எழுதினேன்.

அவள் படித்துப் பார்க்கவில்லை. முதல்வரும் படித்துப் பார்க்கவில்லை. அவர் கட்டுக் கட்டாகக் கையெழுத்துப் போடுகிறவர். முத்திரை விழுந்ததும் மலர்க்கொடி சான்றிதழை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

“போலீஸ் செலக்‌ஷனுக்குப் போறேன் மேடம். கெடச்சா மொதல்ல உங்ககிட்டதான் வந்து சொல்லுவேன்” என்றாள்.

சிதம்பரம் ரயில் நின்றுபோன கதையை, நான் வாராவாரம் எழுதும் இந்தப் பத்தியில் போன வாரம் படித்துவிட்டு, “நீங்க எழுதுனா சிரிச்சிக்கிட்டே படிக்கலாம்” என்று கீழவீதியில் ஒரு வாசகர் சொன்னார். அவர் இந்த வாரப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடலாம். எனக்கு வருத்தமில்லை.

கூடுதல் பொறுப்பு

ஒரு காலத்தில் எங்கள் கல்லூரி அலுவலகத்தில் பதினோரு பேர் இருந்தார்களாம். நான் சேர்ந்தபோது எட்டுப் பேர். நான் சொல்லும் வருடத்தில் மூன்று பேர். ஓய்வு பெற்றுப் போனவர்களின் இடத்தில் ஆள் போடவில்லை. நாற்காலி காலியானதும் நாற்காலியைத் தூக்கித் தேர்வு அறையில் போட்டார்கள். மேசையில் கிடந்த வேலையைத் தூக்கி எங்கள் தலையில் போட்டார்கள்.

அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். ‘கூடுதல் பொறுப்பு.’ சுற்றறிக்கை வரும். ‘கீழ்க்காணும் பேராசிரியப் பெருமக்கள் தங்கள் பணியுடன் கூடுதலாக’ என்று ஆரம்பிக்கும். பெருமக்கள் என்று கூப்பிட்டாலே நான் பேனாவுக்கு மை நிரப்பிவிடுவேன்.

இயற்பியல் சார் நாற்காலி, பெஞ்சு எண்ணினார். தாவரவியல் அம்மா இலவச பஸ் பாஸுக்குப் போட்டோ ஒட்டினார். பொருளியலில் ஒரு சின்னப் பையன் வந்து சேர்ந்திருந்தார், நன்றாகப் பாடம் நடத்துகிறவர். அவரைக் கணினி முன்னால் உட்காரவைத்து மாணவர் வருகையை ஏற்றச் சொன்னார்கள். அவர் ஏற்றி முடிக்கும் நேரம் பார்த்து மின்சாரம் போகும். மறுபடி முதலிலிருந்து ஏற்றுவார்.

வரலாற்றுத்துறை வேலாயுதம் சாருக்குக் கழிவறைப் பராமரிப்பு. ஒருநாள் ஓய்வறையில் அவர் வாய்விட்டுக் கேட்டார்: “நாம எப்பதாம்மா பாடம் நடத்துறது?”

“அதுக்கும் யாருக்காவது கூடுதல் பொறுப்பு குடுப்பாங்க சார், இருங்க” என்றேன்.

எல்லோரும் சிரித்தோம். அப்போது சிரிக்க முடிந்தது.

சிதம்பரத்திலிருந்து நான் காலை ஆறே முக்காலுக்குப் பஸ் ஏறுவேன். ரயில் பாதையை அகலமாக்குகிறோம் என்று ரயிலை நிறுத்திவைத்திருந்த வருடங்கள் அவை. பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் பஸ் பிதுங்கும். முன்பெல்லாம் அந்தப் பயணத்தில் அன்றைய பாடத்தைப் படித்துக்கொண்டு போவேன். பிறகு அந்த நேரத்திலும் மடியில் ஏதாவது படிவம்தான் இருந்தது. ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்கார அம்மாள், “கணக்கப்பிள்ளை வேலையா கண்ணு?” என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னதாகத் தோன்றவில்லை.

ராமலிங்கம் சாரின் துண்டுச்சீட்டு

டி.சி. எழுதுவது முப்பது வருடமாக ராமலிங்கம் சார் வேலை. தலைமை எழுத்தர். காதில் முடி, சட்டைப் பையில் மூன்று பேனா. ஆங்கிலத்தில்தான் எழுதுவார். எழுத்து அச்சுக் கோத்தது மாதிரி நிற்கும். பேராசிரியர்களிடம் அவருக்கு ஒரு சின்ன இளக்காரம் உண்டு. “நீங்க வகுப்புல தப்பு சொன்னா அடுத்த நாள் மாத்திச் சொல்லிக்கலாம். நான் மாத்த முடியாது பாருங்க” என்பார். தற்பெருமை பிடித்த மனிதர் என்று நாங்கள் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்வோம்.

அவர் ஓய்வு பெற்ற வருடம்தான், சான்றிதழ்களைத் தமிழில் நிரப்ப வேண்டும் என்று ஒரு உத்தரவு வந்தது. ராமலிங்கம் சார் இடத்துக்கு ஆள் இல்லை. முதல்வர் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “தமிழ்தானே, தமிழ்த்துறை எழுதட்டும்” என்றார். துறையில் நான்தான் கையெழுத்து நன்றாக இருப்பவள். அப்படி என் தலையில் விழுந்தது.

ராமலிங்கம் சார் போகிற அன்று ஒரு துண்டுச்சீட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் என்ன எழுத வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். ‘நடத்தை’க்கு நேராக ‘நன்று’ என்று போட்டு இரண்டு கோடு இழுத்திருந்தார். எதற்குக் கோடு என்று நான் கேட்கவில்லை. ஒரு குமாஸ்தா எனக்குத் தமிழ் சொல்லிக்கொடுப்பதா என்ற எண்ணம் மனதுக்குள் இருந்தது. இப்போது அதை ஒளிக்க என்ன இருக்கிறது?

ஒசத்தியான வார்த்தை

நூறு பேருக்கு ‘நன்று’ என்று எழுதியாயிற்று. எழுத எழுத அந்தச் சொல்லில் ஒன்றுமே இல்லாமல் போய்விட்டது. பரீட்சையில் பிட் அடித்தவனுக்கும் நன்று. மூன்று வருடத்தில் முப்பது நாள் வந்தவனுக்கும் நன்று. அப்போதுதான் மலர்க்கொடி வந்து நின்றாள். இவளுக்கும் அதையே எழுதக் கை கூசியது.

நம்முடைய வீட்டில் விருந்து சாப்பிட்டுவிட்டு ஒருவர் ‘நல்லா இருந்துச்சு’ என்று சொன்னால் அது மரியாதைக்குச் சொல்வது. ‘திருப்தியா சாப்பிட்டேன்’ என்று சொன்னால்தான் சமைத்தவளுக்கு வயிறு நிறையும். கல்யாணம் திருப்தியாக நடந்தது, சாமி தரிசனம் திருப்தியாக ஆயிற்று என்கிறோம். அதற்கு மேலே ஒரு சொல் நம்மிடம் இல்லை. இந்தப் பெண்ணின் நடத்தையில் எனக்குக் குறையே இல்லை, மனம் நிறைந்திருக்கிறது என்று அந்தக் கட்டத்தில் எழுத நினைத்தேன். ‘திருப்திகரம்’ என்று எழுதினேன்.

எழுதிவிட்டுச் சந்தோஷப்பட்டேன். இருபது வருடம் தமிழ் படித்ததற்கு, எழுத்தர் வேலையிலும் ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்துப் போட முடிந்ததே என்று. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்தபோது அது பிள்ளையாராகத்தான் தெரிந்தது.

மைதானம்

அந்த வருடம் முழுக்க மலர்க்கொடியை நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு அறை எடுத்து, இன்னும் நான்கு பெண்களோடு தங்கியிருந்தாள். பஸ் சீக்கிரம் வந்துவிட்ட நாட்களில் மைதானத்தை ஒட்டி நடப்பேன். சுடிதார்க் காலை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருப்பாள். வெறுங்கால். என்னைப் பார்த்தால் ஓட்டத்தை நிறுத்தாமலே கையைத் தூக்கிக் காட்டுவாள். ஒருநாள் மட்டும் ஓடி வந்து மூச்சு வாங்க நின்றாள்.

“எனக்கு இதுதான் மேடம் கடைசி சான்ஸு. அடுத்த வாட்டி வயசு தாண்டிடும். ஊருக்குப் போனா மறுபடியும் கொட்ட ஒடைக்கணும்.”

“கிடைக்கும், போ” என்றேன்.

எழுத்துத் தேர்வில் தேறினாள். ஓட்டத்தில் தேறினாள். நீளம் தாண்டுதலில் தேறினாள். ஒவ்வொன்றுக்கும் கல்லூரி வாசலில் நின்று, நான் பஸ் பிடிக்க ஓடும்போது கூடவே ஓடி வந்து சொன்னாள். இனி சான்றிதழ் சரிபார்ப்புதான் பாக்கி என்றாள். அதற்குப் பிறகு அவள் வரவில்லை. பயிற்சிக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

குழு வருகிறது

வராததை நான் சரியாகக் கவனிக்காததற்குக் காரணம் இருந்தது. அந்தச் சமயத்தில் கல்லூரியின் தரத்தை மதிப்பிட ஒரு குழு வருவதாக இருந்தது. குழு வருகிறது என்றதும் கல்லூரியில் பாடம் நடப்பது அநேகமாக நின்றுவிட்டது. பாடம் நடப்பதற்கான ஆதாரங்களைத் தயாரிக்க வேண்டியிருந்ததே. நடத்தாத கருத்தரங்குக்குப் புகைப்படம் தேடினோம். மரத்துக்கெல்லாம் பெயர்ப்பலகை தொங்கவிட்டோம். வேலாயுதம் சார் கழிவறைக் கதவில் திருக்குறள் எழுதி ஒட்டலாமா என்று கேட்டார். அவர் கிண்டலாகக் கேட்டது முதல்வருக்குப் புரியவில்லை. ஒட்டச் சொல்லிவிட்டார்.

எனக்கு இரண்டு பொறுப்பு. ஒன்று, தபால் வருகைப் பதிவேடு. வரும் கடிதங்களைப் பிரித்து, எண் கொடுத்து, பதிந்து, உரிய கோப்பில் சேர்க்க வேண்டும். இன்னொன்று, ‘மாணவர் முன்னேற்றம்’ என்ற கோப்பு. எங்கள் மாணவர்கள் எங்கெங்கே வேலைக்குப் போனார்கள் என்பதற்கான ஆதாரம் அதில் இருக்க வேண்டும். அந்தக் கோப்பு ஒல்லியாக இருந்தது. முதல்வர் பார்க்கும்போதெல்லாம், “இதுல சதை போடுங்கம்மா” என்பார்.

ஒரு பகல். முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் இரண்டு பேர் வாசலில் நின்று, “மேடம், கிளாஸ் இருக்குதா, இல்லியா?” என்று மூன்றாவது முறையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேசையில் நாற்பது கடிதம். ஒன்றைப் பிரித்தேன். போலீஸ் தேர்வு அலுவலகத்திலிருந்து வந்தது. பொருள்: சான்றிதழ் சரிபார்ப்பு, மலர்க்கொடி, தொடர்பாக. ‘மேற்படி விண்ணப்பதாரர் தற்காலிகமாகத் தேர்வு செய்யப்பட்டுள்ளார்’ என்று முதல் வரி. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. என் பெண்ணுக்கு வேலை கிடைத்துவிட்டது.

கண்ணில் தண்ணீர் வந்தது. வந்து நின்ற பிள்ளைகளிடம், “உங்க அக்கா ஒருத்தி போலீஸாயிட்டா, தெரியுமா?” என்றேன். கடிதத்துக்கு எண் கொடுத்துப் பதிந்தேன். மாணவர் முன்னேற்றக் கோப்பில் முதல் பக்கமாக வைத்தேன்.

குழு வந்தது. மூன்று பேர். அதில் ஒருவருக்கு அந்தக் கோப்பை நான்தான் பிரித்துக் காட்டினேன். கிராமத்துப் பெண், முந்திரிக்கொட்டை உடைத்தவள் என்றெல்லாம் சொன்னேன். “குட், குட்” என்று தலையாட்டிக்கொண்டே பக்கத்தைப் புரட்டினார். அவரும் படிக்கவில்லை. எங்கள் கல்லூரிக்கு நல்ல தரம் கிடைத்தது. முதல்வர் எல்லோருக்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார்.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மத்தியானம்

மே மாதம் பஸ்ஸில் மலர்க்கொடியோடு படித்த ஒரு பெண்ணைப் பார்த்தேன். பயிற்சி எப்படிப் போகிறதாம் என்று கேட்டேன்.

“அவளுக்கு வேல கெடைக்கல மேடம். உங்களுக்குத் தெரியாதா? டி.சி.ல காலேஜ்ல என்னமோ எழுதிட்டாங்களாம்.”

கல்லூரிக்குப் போனதும் டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டையைப் புரட்டினேன். என் எழுத்து. ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. எதைத் தப்பு என்கிறார்கள் என்று அப்போதும் எனக்குப் புரியவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு மஞ்சக்குப்பத்தில் ராமலிங்கம் சார் வீட்டுக்குப் போனேன். அவர் மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

“நடத்தையில இன்னா எழுதுனீங்க?” என்றார், புத்தகத்தைத் திறக்காமலே.

“திருப்திகரம்னு.”

டம்ளரைக் கீழே வைத்தார். “சீட்டுல எழுதிக் குடுத்தேனேம்மா. கோடு வேற போட்டேனே.”

“நல்ல வார்த்தைன்னுதான் சார் எழுதினேன். நன்றைவிட ஒசத்தின்னு நினைச்சேன்.”

“ஊட்ல ஒசத்தி. ஆபீஸ்ல அது கெட்ட வார்த்தைம்மா. இங்கிலீஷ்ல ‘குட்’னா நன்று. சாட்டிஸ்பேக்டரின்னாதான் திருப்திகரம். பையன்மேல ஏதோ புகார் இருக்குது, வெளிய சொல்ல முடியாது, அப்ப அத எழுதுவோம். என் சர்வீஸ்ல ரெண்டே பேருக்கு எழுதியிருக்கேன். ஒருத்தன் லேப்ல சாமான் தூக்குனவன். இன்னொருத்தன் வாத்தியார கை நீட்டி அடிச்சவன்.”

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“ஆனா அதுக்காக உடனே தள்ளிட மாட்டாங்களே. இன்னா விஷயம்னு காலேஜுக்கு வெளக்கம் கேட்டு லெட்டர் போட்டிருப்பாங்க. ‘நன்று’ன்னு ஒரு வரி எழுதி அனுப்பியிருந்தா முடிஞ்சிருக்கும். லெட்டர் வரலியா?”

எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. இருந்தாலும் கல்லூரிக்குத் திரும்பிப் போய் மாணவர் முன்னேற்றக் கோப்பைத் திறந்தேன். முதல் பக்கம். முதல் வரிக்கு அடுத்த வரி ‘எனினும்’ என்று ஆரம்பித்தது. பதினைந்து நாட்களுக்குள் விளக்கம் அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். மேலே வருகை எண், என் கையெழுத்தில். அதன் ஓரத்தில் குழுவுக்காக நான் சிவப்பு மையில் ஒரு நட்சத்திரம் வேறு போட்டிருந்தேன்.

மறுநாள் விளக்கக் கடிதத்தோடு அந்தத் தேர்வு அலுவலகத்துக்கு நேரில் போனேன். அங்கிருந்த அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். “ரெண்டு மாசம் ஆச்சேம்மா. லிஸ்ட்டு போயிடுச்சி. வேற பொண்ணு சேந்து டிரெய்னிங்ல இருக்குது. காலேஜே பதில் சொல்லலன்னா நாங்க இன்னா நெனைப்போம், சொல்லுங்க” என்றார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது. யார் மேல் சொல்வது என்று தேடிப் பார்த்தேன். ஆள் போடாதவர்கள் மேல், உத்தரவு போட்டவர்கள் மேல், படிக்காமல் கையெழுத்துப் போட்டவர் மேல் எல்லாம் எனக்குக் கோபம் இருந்தது, இன்றும் இருக்கிறது. ஆனால் எந்தக் காகிதத்தை எடுத்தாலும் அதில் என் கையெழுத்துதான் இருந்தது.

முதல்வரிடம் சொன்னேன், இந்த வேலை எனக்கு வேண்டாம் என்று. “நீங்க மாட்டேன்னா யார் செய்வா, சொல்லுங்க” என்றார். அடுத்த மாதம் டி.சி. புத்தகம் மறுபடி என் மேசைக்கே வந்தது. முந்நூறு பேருக்கும் ‘நன்று’ என்று எழுதினேன். அதன் பிறகும் நான்கு வருடம் எழுதினேன்.

காடாம்புலியூர்

அதற்கு முன்னால், அந்த மே மாதத்திலேயே, ஒரு ஞாயிற்றுக்கிழமை காடாம்புலியூர் போனேன். பண்ருட்டியில் பஸ் மாறும்போது ஊரே பலாப்பழ வாசனையாக இருந்தது. வழி கேட்டுப் போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்குப் பக்கத்துக் கொட்டகையில் ஏழெட்டுப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கொட்டை உடைத்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மலர்க்கொடி. கொட்டையின் பால் ஒட்டாமலிருக்கக் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்தாள், ஆனால் ஓடி வரவில்லை.

அவள் அம்மா பரபரப்பாகிவிட்டார். “வாங்கம்மா, குந்துங்க. பாப்பா எப்ப பாத்தாலும் உங்க பேச்சுதான்” என்று சொல்லிவிட்டு, சாப்பிடாமல் போகக்கூடாது என்று உள்ளே போனார்.

நானும் மலர்க்கொடியும் முந்திரி மரத்தடிக்கு நடந்தோம். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், “அந்த டி.சி.ய எழுதினது நான்தான்” என்றேன்.

“தெரியும் மேடம். போர்டுல மூணு வருஷம் பாத்த எழுத்தாச்சே.”

“பிறகு ஏன் என்கிட்ட வரலை?”

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். “சர்ட்டிபிகேட் பாத்த அய்யா கேட்டாரு, காலேஜ்ல இன்னா பண்ணேன்னு. எனக்கு ஒண்ணும் தோணல. ஊட்டுக்கு வந்து யோசிச்சேன். செகண்ட் இயர்ல ஒரு நாளு கிளாஸுக்கு வராம திருவந்திபுரம் கோயிலுக்குப் போயிருந்தேன் மேடம். எங்ககூட படிச்ச பொண்ணு ஒண்ணு, ஊட்ல சொல்லாம கல்யாணம் பண்ணிக்கிச்சி. நான்தான் மால எடுத்துக் குடுத்தேன். அது உங்களுக்குத் தெரிஞ்சிபோச்சி, அதான் அப்பிடி எழுதிட்டீங்கன்னு நெனச்சேன். நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.”

எனக்கு அந்தக் கல்யாணமே தெரியாது. இரண்டு மாதமாக இந்தப் பெண் நான் தண்டித்ததாக நினைத்திருக்கிறாள். அந்தத் தண்டனை நியாயம் என்றும் நினைத்திருக்கிறாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ராமலிங்கம் சாரின் சீட்டு, நான் நினைத்த அர்த்தம், கோப்பில் வைத்த கடிதம், சிவப்பு நட்சத்திரம் வரைக்கும். பாதியில் அழுதுவிட்டேன். அவள் அழவில்லை.

“அப்ப நான் தப்பு ஒண்ணும் பண்ணலியா?” என்று கேட்டாள்.

“இல்லை.”

தலையை ஆட்டினாள். விரல் நுனியில் உரிந்த தோலைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். “அம்மாகிட்ட சொல்லாதீங்க மேடம். ஆபீஸ்ல யாரோ தப்பா எழுதிட்டாங்கன்னுதான் சொல்லியிருக்கேன். உங்கமேல அவுங்களுக்கு மரியாத ஜாஸ்தி” என்றாள்.

பலாக்கொட்டை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தார் அவள் அம்மா. எனக்கென்று வாழையிலை அறுத்து வந்திருந்தார்கள். மிச்சம் வைத்தால் அவர்கள் மனம் கோணும் என்று எல்லாவற்றையும் சாப்பிட்டேன். கை கழுவக் கொல்லைப்புறம் போனபோது மலர்க்கொடி சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். அம்மாவும் பின்னாலேயே வந்தார்.

“திருப்தியா சாப்ட்டீங்களாம்மா?”

“நல்லா இருந்துச்சும்மா” என்றேன்.

“நல்லா இருந்துச்சின்னா போதுமா? திருப்தியா இல்லியா?”

என்னால் அந்தச் சொல்லைச் சொல்ல முடியவில்லை. மலர்க்கொடி தலையைத் தூக்கவில்லை. கை கழுவி முடித்த பிறகும் தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருந்தாள்.